நிலம் உங்கள் பெயரில், வெள்ளாமை அவர் கையில்

ஊரில் நிலமும் வெளியூரில் சம்பளமும் உள்ள நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். மன்னார்குடிப் பக்கத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ பயிர்க்கடன் மனுவை நீட்டிய மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள். சென்னையிலும் ஓசூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கிற ஆறு மாவையோ ஒரு வேலியையோ குத்தகைக்கு விட்டிருக்கும் உங்களிடம் ஒரு காரியம் கேட்கத்தான் இந்த மடல். எடுத்த எடுப்பில் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வெளியே வேலைக்குப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போகாமல் இங்கேயே உட்கார்ந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். நாட்டிலுள்ள விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைத் தேசிய மாதிரி ஆய்வில் 2012-13லும் 2018-19லும் கணக்கெடுத்தார்கள். முதல் தடவை, சராசரிக் குடும்பத்துக்கு மாதம் பயிரிலிருந்து 3,081 ரூபாயும் கூலி, சம்பளத்திலிருந்து 2,071 ரூபாயும் வந்தன. அடுத்த தடவை கணக்கு மாறிவிட்டது. மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் கொடுத்தது 3,798, கூலியும் சம்பளமும் கொடுத்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று அரசாங்கமே எழுதிக்கொண்ட வீடுகளில், வயலைவிட வெளிவேலைதான் அதிகம் சோறு போடுகிறது. இந்த நிலைமையில் படித்த பிள்ளை பஸ் ஏறியதை யாரும் குறை சொல்ல முடியாது.

நான் பேச வந்தது நீங்கள் போன விதத்தைப் பற்றி.

டெல்டாவை விட்டு முதலில் போனவர்கள் நீங்கள் இல்லை. பெரிய மிராசுக் குடும்பங்கள் பல உங்களுக்கு இரண்டு தலைமுறை முன்பே சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போய்விட்டன. அவர்களில் நிறையப் பேர் கொஞ்ச காலம் காரியக்காரரை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு நிலத்தை விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் அதே நிலத்தில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர்கள். உங்கள் தாத்தா அப்படி வாங்கினாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் சங்கத்துப் பழைய உறுப்பினர் பதிவேட்டில் அந்த வகைக் கிரயங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒருவர் வெளியே வேலைக்குப் போனால் நிலம் இன்னொருவர் கைக்கு வந்தது. போனவருக்கும் நல்லது, இருந்தவருக்கும் நல்லது.

இப்போது அப்படி நடப்பதில்லை. நீங்கள் போகிறீர்கள், நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. அப்பா கட்டிக்காத்த நிலம், மனையாக விற்றால் வரக்கூடிய விலை, வயதான காலத்தில் ஊருக்கு வந்துவிடலாம் என்ற எண்ணம், எல்லாம் காரணம்தான். அவற்றோடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் சேர்ந்திருக்கிறது. விவசாயிக்கு என்று அரசு கொடுப்பதில் பெரும்பகுதி பட்டாவைப் பார்த்து வருகிறது, பாடுபடுகிறவரைப் பார்த்து வருவதில்லை. ஆகவே நிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பதில் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

மானியம் கொடுத்தால் விவசாயி வெளிவேலைக்குப் போவாரா, போகமாட்டாரா என்பதை அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மேரி அஹெர்ன், ஹிஷாம் எல்-ஓஸ்டா, ஜோ டியூப்ரி ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அதில் பேர்போனது. பயிரோடு சேர்த்துக் கொடுத்தாலும் சரி, பயிருக்குச் சம்பந்தமில்லாமல் கொடுத்தாலும் சரி, அரசுப் பணம் வாங்குகிற விவசாயி வெளியே வேலைக்குப் போவது குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் மனிதன் தன் நிலத்தோடு இருந்துவிடுகிறான். ஆனால் அங்கே விதியே வேறு. ரொக்கக் குத்தகைக்கு நிலத்தை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டவருக்கு அந்தப் பணம் கிடையாது. லாப நட்டத்தைத் தலையில் சுமந்து சாகுபடி செய்கிறவருக்குத்தான். (அதில் ஒரு பங்கு குத்தகை உயர்வாக உரிமையாளரிடமே போய்ச் சேருகிறது என்பதையும் அந்த ஊர்ப் பொருளாதார வல்லுநர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.) நம் ஊரில் பணம் போகிற வழி மாறிவிட்டதால் விளைவும் மாறிவிட்டது. ஒரே மானியம் இங்கே இரண்டு பேரை வயலைவிட்டு அனுப்புகிறது. கிடைப்பதால் நீங்கள் நிம்மதியாகப் போகிறீர்கள். கிடைக்காததால் உங்கள் நிலத்தில் உழுகிறவர் வேறு வழியில்லாமல் போகிறார்.

எப்படி என்று சொல்கிறேன்.

பி.எம். கிசான் எல்லோருக்கும் தெரியும். 2018 டிசம்பரிலிருந்து கணக்கிட்டு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணை. பட்டா இருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர், மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் ஆகியோருக்கு இல்லை என்று விதி உண்டு, ஆகவே உங்களில் பலர் பெயரில் வராது. அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ வரும். அது முறைப்படியானது, குற்றம் சொல்லவில்லை. குத்தகைதாரருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லையென்றால் ஒரு ரூபாயும் இல்லை. இதுகூடச் சின்னத் தொகைதான், அதற்காக யாரும் ஊரைவிட்டுப் போகவும் மாட்டார்கள், தங்கவும் மாட்டார்கள்.

பெரிய விஷயம் பயிர்க்கடன். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. கேட்பது சிட்டாவும் அடங்கலும். சிட்டா உங்கள் பெயரில் இருக்கும். அடங்கலில் யார் சாகுபடி செய்கிறார் என்று எழுத இடம் இருக்கிறது, ஆனால் வாய்மொழிக் குத்தகையில் அங்கேயும் உங்கள் பெயரே ஏறிவிடும். ஆகவே வட்டியில்லாக் கடன் உங்களுக்குக் கிடைக்கும். அதை வாங்கிச் சென்னையில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த நிலத்தில் நாற்றுவிட்டு, உழவோட்டி, உரம் போட்டவர், மனைவியின் தோட்டை அடகுக் கடையில் வைத்து அதே பருவத்துக்குப் பணம் புரட்டினார். ஒரே வயல். அதன்மேல் கடன் வாங்கியவர் ஒருவர், அதற்காகக் கடன்பட்டவர் இன்னொருவர்.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்று சங்கத்து வாசலில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் குத்தகை விவசாயிகளும் நின்று, தாங்கள் உழுகிற நிலத்துக்காரர் பெயரை விரலால் தடவித் தேடினார்கள். தங்கள் பெயர் இருக்காது என்று தெரியும். நிலத்துக்காரர் கடன் தள்ளுபடியானால் இந்த வருடமாவது குத்தகை நெல்லைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கலாம் என்ற ஆசை. ஒருவர் என்னிடம், "சார், அவங்களுக்கு ஒரு போன் பண்ணி நீங்க சொன்னா கேப்பாங்கல்ல?" என்றார். போன் செய்தேன். "அது வேற, இது வேற சார்" என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் இன்றுவரை ஆறவில்லை.

அடுத்து நெல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். மத்திய அரசின் ஆதார விலைக்குமேல் மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்துக் கொடுக்கிறது. அங்கேயும் சிட்டா, அடங்கல்தான் பேசும். நெல்லைக் களத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் வரும்வரை காய வைத்து, இரவில் தார்ப்பாய் போட்டுப் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பவர் குத்தகைதாரர். பதிவுக்கான ஓடிபி போவது உங்கள் கைப்பேசிக்கு. நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். மதியம் கூப்பிட்டால் "சாயங்காலம் பாக்கறேன்" என்பீர்கள். சாயங்காலம் மேகம் கறுக்கும். பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். நீங்கள் குத்தகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பும்வரை அறுவடை இயந்திரத்துக்காரரும் உரக்கடைக்காரரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். உடனே அனுப்பிவிடுகிற நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒருவருடைய ஆறு மாத உழைப்பு இன்னொருவருடைய நல்ல மனசை நம்பி இருப்பது நியாயமில்லை. இந்த அலைச்சல் வேண்டாம் என்று களத்திலேயே வியாபாரியிடம் குறைந்த விலைக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 30,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 900. ஆறு மாதத்துக்கு 5,400. வியாபாரி குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைத்துக்கொண்டால் இருபது குவிண்டாலுக்கு 4,000. ஆக 9,400 ரூபாய், ஒரு ஏக்கரில், ஒரு போகத்தில். வெள்ளம், புகையான், எலி எதுவும் இல்லாத நல்ல வருடத்திலேயே இது. காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் கையைவிட்டுப் போகிற பணம். அவருடைய மகன் கட்டட வேலைக்குப் போனால் இரண்டு வாரத்தில் அதைப் பார்த்துவிடுவான். அவன் போய்விட்டான். திருப்பூருக்கு, கேரளாவுக்கு, கத்தாருக்கு. அப்பன் இன்னும் உழுகிறார் என்றால் அவருக்கு வயது 60க்கு மேல், வேறு வேலைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

மகனும் போய், சில வீடுகளில் அப்பனும் போன பிறகு, குத்தகையைத் தொடர்கிறவர் பெண். மடை திறப்பதும், களை எடுக்க ஆள் பிடிப்பதும், உரக்கடையில் நிற்பதும் அவர்தான். எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது. பட்டா உங்களுடையது, ஊர்ப்பேச்சில் குத்தகை அவர் புருஷனுடையது. பயிர் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு மட்டும், மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. இவ்வளவு பெரிய மானியம் வாசலில் நிற்கிறது. உள்ளே போக அடங்கலில் ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாமல், மழையில் சாய்ந்த பயிருக்கு இழப்பீடு உங்கள் கணக்குக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மற்ற மாநிலங்களில் இதைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். தெலங்கானா 2018இல் ரைத்து பந்து என்று தொடங்கி ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000, அடுத்த ஆண்டு 5,000 என்று கொடுத்தது. நிலத்துக்கு உச்சவரம்பும் வைக்கவில்லை, குத்தகைதாரரையும் சேர்க்கவில்லை. ஹைதராபாத்தில் இருந்துகொண்டு பணம் வாங்கியவர்களைப் பற்றி அங்கே பெரிய பேச்சு எழுந்தது. ஒடிசாவின் காலியா திட்டம் வாரத்துக்கு உழுகிறவர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரா 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பதினோரு மாதத்துக்கு ஒரு அட்டை. அதை வைத்துக் கடன் வாங்கலாம், காப்பீடு செய்யலாம், இழப்பீடு பெறலாம். நில உரிமைமேல் எந்தக் கோரிக்கையும் எழுப்ப முடியாது. நல்ல சட்டம். ஆனால் அட்டைக்கு நில உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள். போடத் தயங்கியவர்கள் ஏராளம், அதனால் அட்டை கிடைக்காதவர்களும் ஏராளம். சட்டம் வந்தாலும் கடைசியில் விஷயம் உங்களைப் போன்றவர்களின் பேனாமுனையில்தான் வந்து நிற்கிறது. இந்த மடலை அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

தமிழ்நாட்டிலும் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதாரோடு பட்டாவை இணைத்துத் தருகிற எண் அது. இனி எல்லா உதவியும் அந்த எண் வழியாகத்தான் என்ற நிலை வரும்போது, பட்டா இல்லாமல் உழுகிறவர் கணினியின் கண்ணுக்கு விவசாயியாகவே தெரியமாட்டார். இதுவரை வி.ஏ.ஓ.வைப் பார்த்துப் பேசி எப்படியோ ஒரு சான்று வாங்கிச் சமாளித்தவர்களுக்கு அந்தச் சந்தும் அடைபடும். நாள் கடத்த முடியாது என்று சொல்வது இதனால்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். 1955இன் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும், குத்தகையை ஒழுங்காகக் கட்டும்வரை வெளியேற்ற முடியாது, கோர்ட்டு கேஸ் என்று பத்து வருடம் இழுக்கும். இதைக் கேலியாக நினைக்கவில்லை. அப்படி இழுத்த வழக்குகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் அடிபட்டுப் போராடி, 1952இல் பண்ணையாள் பாதுகாப்பும் அதைத் தொடர்ந்து இதுவும் வந்தன. உங்கள் தாத்தாவுக்கு நிலத்தில் கால் ஊன்ற இடம் கொடுத்ததும் இந்தச் சட்டங்களாக இருக்கலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தச் சட்டம் எழுத்துக் குத்தகையை மட்டும் பாதுகாப்பதில்லை. வெளிப்படையாகப் பேசியதோ, நடப்பிலிருந்து ஊகிக்கக் கூடியதோ, இரண்டும் குத்தகைதான். எழுதாமல் விட்டதால் உங்களுக்குப் பெரிதாகப் பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடவில்லை. அவருக்கோ கடன், காப்பீடு, கொள்முதல், இழப்பீடு எல்லாம் போய்விட்டது. பயத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுகிறீர்களே, அதில் உங்கள் நிலமே கெடுகிறது. அடுத்த வருடம் இந்த வயல் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழமாட்டார், வரப்பை உயர்த்திக் கட்டமாட்டார், வாய்க்காலைத் தூர்வாரமாட்டார். யூரியாவைக் கொட்டி இந்தப் போகத்தை எடுத்துக்கொண்டு போவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

நிலத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் குடும்பத்து விஷயம். கேட்பது இவ்வளவுதான். இந்தச் சம்பாவுக்கு, யார் உழுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புருஷன் வெளியூரில் இருந்து மனைவி உழுதால் மனைவி பெயரை எழுதுங்கள். அடங்கலில் அந்தப் பெயரைச் சேர்க்க ஆட்சேபம் இல்லை என்று வி.ஏ.ஓ.விடம் நீங்களே சொல்லுங்கள். போனில் சொன்னாலும் அவர் மதிப்பார். நீங்கள் சாகுபடி செய்யாத நிலத்தின்மேல் பயிர்க்கடன் வாங்காதீர்கள். இழப்பீடு உங்கள் கணக்கில் விழுந்தால் பயிர் யாருடையதோ அவரிடம் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். குத்தகை எவ்வளவு என்று பேசும்போது, நியாய வாரச் சட்டம் நில உரிமையாளருக்குச் சொல்வது மொத்த விளைச்சலில் 25 விழுக்காடு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பயிர் அழிந்த வருடத்தில் பேசிய நெல்லைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள், உங்களுக்கு மாதம் முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது.

ஆந்திராவில் உள்ளது போல, நில உரிமைக்குப் பங்கமில்லாத ஒரு பருவ அட்டை வேண்டும் என்று அரசிடம் கேட்கவும் உங்களால்தான் முடியும். குத்தகை விவசாயிகள் கேட்டு மனுக் கொடுத்து அலுத்துவிட்டார்கள். நிலத்துக்காரர்களே வந்து, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, உழுகிறவருக்குக் கொடுங்கள் என்று சொன்னால் அந்த மனுவைத் தள்ளிவைக்க எந்த அதிகாரிக்கும் காரணம் கிடைக்காது. ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

சம்பாவுக்குக் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் நடுவோடு தேதி முடியும். ஆயுத பூஜை விடுமுறைக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது நேரம் சரியாக இருக்கும். பட்டா நகல், ஆதார் நகல், குத்தகைதாரருடைய ஆதாரும் வங்கிப் புத்தகமும், சர்வே எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, இவ்வளவு கொண்டுவாருங்கள். வாசகம் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் காலையில் சங்கத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் என்னைப் பார்க்கலாம். நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ச் சங்கத்துப் பழைய செயலாளர்